குழந்தைக்கு ஒரு குட்டிக் கோச்சி

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் நகரின் கடைவீதியிலே நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். துணிமணியும் பலசரக்கும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி விரையும் தாய் ஒருத்தியின் கையைப் பிடித்து நிறுத்தி, விளையாட்டுச் சாமான் கடையின் வாயிலிலே ஒரு குழந்தை நின்றுவிடும். கடை மேசையின் மேல் வட்டமாகப் பூட்டப்பட்ட தண்டவாளத்தில் ஒரு குட்டிக் கோச்சி, விளக்கு மின்ன, ஊதல் ஒலிக்க, சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். குழந்தையின் கண்களும் அதனோடு கூடவே சுற்றும். தாயோ மடியிலுள்ள பணத்தை மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பாள். அது தீபாவளி முற்பணம். பின்வரும் மாதங்களிலே சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்படப்போகும் பணம்.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021ஆம் ஆண்டில் நிறைவேறுவதற்கு முன்னர் தோட்ட மக்கள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். அவ்வாறு ஈட்டிய பணத்திலே வாங்கும் பொம்மை மூன்றாம் நாளே மூலையிற் கிடக்குமாயின் அது வருத்தத்துக்குரியது. அதே பொம்மை குழந்தையின் உயிருக்கே உலை வைக்குமாயின் அவ்வருத்தத்துக்கு அளவே இராது. ஆகவே பற்றரியால் ஓடும் இரயில் பொம்மையைத் தெரிவு செய்யும்போது பெற்றோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மலைநாடும் கோச்சியும்

பட்டணத்துக் குழந்தைக்கு இரயில் என்பது எப்போதோ ஏறிச் செல்லும் வாகனம். மலைநாட்டுக் குழந்தைக்கோ அது அயல்வீட்டு உறவு. தேயிலை மலைகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வரும் புகையிரதத்தைக் கண்டால் லயத்து வாசலிலிருந்து கையசைக்காத பிள்ளை உண்டோ? ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தினுள்ளே வண்டி புகுந்ததும் பிள்ளைகள் எழுப்பும் கூச்சலைக் கேட்காத பிரயாணி உண்டோ?

இந்தப் பாதை கண்டியை 1867இலும், நாவலப்பிட்டியை 1874இலும், ஹட்டனை 1884இலும், நானுஓயாவை 1885இலும் வந்தடைந்தது. பதுளையை எட்டியது 1924இல். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,200 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையமே இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காகவே துரைமார் இதனை விரும்பினர். எனினும் நம் மக்களின் வாழ்வும் இதே தண்டவாளத்தின் மீதுதான் ஓடியது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் தொடர்பு ஏற்பட்ட பின்னர் எத்தனையோ குடும்பங்கள் புகையிரதத்தில் மலையேறி வந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் எத்தனையோ குடும்பங்கள் உற்றாரைப் பிரிந்து, கண்ணீருடன் இதே பாதையில் இறங்கிச் சென்றன.

பெரிய இரயில் மட்டுமன்றி, ஒரு சிறிய இரயிலும் இம்மலைகளில் முன்னர் ஓடியதுண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களுக்கிடையே அகலம் இரண்டரை அடிதான். பெரிய பாதையின் அகலமோ ஐந்தரை அடி. வீதிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் அது மறைந்தது.

இத்தகைய மண்ணிலே பிறந்த குழந்தை கோச்சிப் பொம்மை கேட்பதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அது உண்மையில் கேட்பது என்ன? தூர நின்று இரயிலைப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு ஏற்கெனவே உண்டு. அது விரும்புவது, தானே சாரதியாகவும் காவலராகவும் நிலைய அதிபராகவும் இருந்து, தன் கையால் ஓட்டிப் பார்க்கும் ஓர் இரயிலையே. இதனை மறவாதிருந்தால் நல்ல பொம்மையைத் தேர்வதிற் பாதி வேலை முடிந்துவிடும்.

பற்றரி வந்த கதை

விளையாட்டு இரயிலின் வரலாறு நீண்டது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையிலே, சாவி கொடுத்து ஓடவிடும் இரயிலையும் பூட்டிப் பூட்டி நீட்டக்கூடிய தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தது. பிற்பாடு மின்சார இரயில்கள் வந்தன. அவற்றுக்கு உலோகத் தண்டவாளத்தின் வழியே மின்னோட்டம் செல்ல வேண்டும். சுவர் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவியும் வேண்டும். அவை வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றவை.

சுவீடனின் பிரியோ நிறுவனம் தோன்றியது 1884இல். ஹட்டனுக்குப் புகையிரதம் வந்த அதே ஆண்டு. அது 1950களின் பிற்பகுதியில் சின்னஞ்சிறு கைகளுக்கென மரத்தாலான இரயிலையும் பாதையையும் செய்தது. ஜப்பானில் டோமி நிறுவனம் 1959இல் நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளத்தை வெளியிட்டு, 1961இல் அதன்மேல் பற்றரியால் ஓடும் வண்டியை விட்டது. டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தின் பற்றரி இரயில் 1966இல் வந்தது. இன்று நம் கடைகளிலே காணும் பெயர் தெரியாத வண்டிகள் பலவும் இவற்றின் வழித்தோன்றல்களே.

பற்றரி இரயிலின் சிறப்பு இதுதான்: விசை முழுவதும் எஞ்சினுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் தண்டவாளத்தில் மின்சாரம் இல்லை. பாதை வெறும் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். சுவரிலுள்ள மின்செருகியைக் குழந்தை நெருங்க வேண்டியதுமில்லை. ஆகவே மூன்று வயதை எட்டிய குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாம். ஆயினும் அந்தப் பற்றரியே இதன் பலவீனமும் ஆபத்தும் ஆகும் என்பதை இனிக் காண்போம்.

முதற் சோதனை: தள்ளிப் பாருங்கள்

கடைக்காரர் வண்டியை ஓடவிட்டுக் காட்டுவார். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆளியை நிறுத்திவிட்டு, எஞ்சினை மேசையின் மேல் வைத்துக் கையாலே தள்ளிப் பாருங்கள். சக்கரங்கள் இலகுவாக உருளுகின்றனவா? அல்லது இறுகி நின்று சறுக்குகின்றனவா?

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. எஞ்சினுள்ளே ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. காந்தங்களுக்கிடையேயுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அச்சுருள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழல்கிறது. அவ்வேகத்தில் சக்கரம் சுழன்றால் வண்டி தடம்புரளும். பெட்டிகளை இழுக்கும் வலுவும் இராது. எனவே சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு அமைத்து, வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிறார்கள். சில வண்டிகளில் இப்பற்சக்கரங்கள் எப்போதும் இறுகப் பிணைந்திருக்கும். குழந்தை தள்ளினால் வண்டி நகராது. பலமாகத் தள்ளினால் பல் முறிந்துவிடும். வேறு சிலவற்றிலோ கையால் தள்ளும்போது பிணைப்பு விலகிச் சக்கரம் தானே உருளும்.

இரண்டாம் வகையையே வாங்க வேண்டும் என்பது நமது கருத்து. பற்றரி என்றாவது ஒருநாள் தீரும். அன்று சம்பள நாள் தொலைவில் இருக்கலாம். தள்ளி ஓட்டக்கூடிய வண்டி அன்றும் வண்டியாகவே இருக்கும். மற்றையது வெறும் பிளாஸ்டிக் துண்டு. மேலும், தானே ஓடும் வண்டியைக் குழந்தை சிறிது நேரம் பார்த்திருக்கும். தான் ஓட்டும் வண்டியோடுதான் நாள் முழுவதும் விளையாடும்.

இரண்டாம் சோதனை: பற்றரி மூடி

அடுத்து வண்டியைப் புரட்டிப் பற்றரி மூடியைப் பாருங்கள். அது திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். திருப்புளி இல்லாமல் திறக்க இயலாததாக இருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும் மூடியுள்ள பொம்மையை, அது எவ்வளவு மலிவாயினும், சிறு குழந்தையுள்ள வீட்டுக்குள் கொண்டு செல்லாதீர்கள். திருகாணி கழன்று விழாமல் மூடியிலேயே தங்கியிருந்தால் இன்னும் நல்லது.

பென்டோர்ச் பற்றரியால் ஓடும் வண்டியே சிறந்தது. பொத்தானைப் போன்ற தட்டை வடிவப் பற்றரிகள் உண்டல்லவா? ஊதல் ஒலிக்கவும் விளக்கு எரியவும் தூர இயக்கியிலும் அவற்றை இடுகிறார்கள். அவைதான் கொடியவை. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப் பொருள் உண்டாகிறது. அது இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடக்கூடும். 20 மில்லிமீற்றர் அகலமுள்ள மூன்று வோல்ற்றுப் பற்றரி இவற்றுள் மிகக் கொடியது. பொம்மையை இயக்க வலுவில்லாத பழைய பற்றரியிலும் குழந்தையைக் காயப்படுத்தப் போதிய வலு எஞ்சியிருக்கும். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இவ்வாறு உயிரிழந்ததை அடுத்தே, 2022இல் இத்தகைய பற்றரிகளின் மூடி பற்றித் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

விழுங்கிய குழந்தை வாயிலிருந்து நீர் வடிக்கலாம்; இருமலாம்; உணவை மறுக்கலாம். சளி என்று எண்ணிக் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்திவிடக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயமே போதும். உடனே புறப்பட வேண்டும். தோட்டப் பாதைகளில் பெரிய வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். எனவே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்கே செல்லுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உணவும் நீரும் கொடாதீர்கள். ஒரு வயது நிறைந்த குழந்தையாய், விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், வழியிலேயே பத்து நிமிடங்களுக்கொரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கவும் கூடாது. தேன் சிகிச்சை அன்று. அரிப்பைச் சற்றே தணிக்கும் துணை மட்டுமே. மூக்கிலோ காதிலோ பற்றரி புகுந்தாலும் தாமதம் கூடாது.

வயதும் சிறு துண்டுகளும்

பெட்டியின் மீது, வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும் 0–3 என்ற எண்களும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தால், அப்பொம்மை மூன்று வயது நிறையாத குழந்தைக்குத் தகாது என்பது பொருள். அது விற்பனையாளர் விருப்பத்துக்கு அச்சிட்ட அடையாளமன்று. குழந்தையின் தொண்டையளவை எண்ணி வகுத்த சோதனைக் குழல் ஒன்று உண்டு. அதன் உள்வாய் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் எத்துண்டும் மூச்சை அடைக்கக் கூடியது என்று கருதப்படும்.

எஞ்சினின் புகைபோக்கி, மணி, கொக்கி, சக்கரத்தின் மேலுள்ள இறப்பர் வளையம் ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். பெட்டிகளைக் காந்தம் இணைக்குமாயின் அக்காந்தம் ஆட்டங்காணாது பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வலுவான காந்தங்கள் இரண்டைக் குழந்தை விழுங்கினால், குடலின் மடிப்புகளுக்கிடையே அவை ஒன்றையொன்று பற்றி இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். சக்கர அச்சிலே பெண் குழந்தைகளின் நீண்ட கூந்தல் சிக்குவதும் உண்டு. விளையாடும்போது பின்னி முடிந்துவிடுதல் நலம்.

அண்ணனுக்கு வாங்கிய வண்டியைத் தவழும் தங்கையும் எடுப்பாள். லயத்திலே நம் பிள்ளை, அயல்வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஒரே இஸ்தோப்பில் விளையாடுவர். ஆகவே வீட்டிலும் அயலிலும் உள்ள மிகச் சிறிய குழந்தையின் வயதை எண்ணியே பொம்மை வாங்க வேண்டும்.

பாதை எவ்வளவு வேண்டும்?

பெட்டியின் மேலுள்ள படத்தில் பாலம், குன்று, சுரங்கம், நிலையம் எல்லாம் இருக்கும். அவற்றைக் கண்டு பெரிய தொகுதியை வாங்குவோர் பலர். பழைய லயக் காம்பிரா ஒன்றின் அளவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலே சமையலும் உறக்கமும் படிப்பும் நடைபெற வேண்டும். மரப்பாதையில் எட்டு வளைந்த துண்டுகளைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி அகலமான வட்டம் கிடைக்கும். அதனுடன் நான்கு நேர்த்துண்டுகள் இருந்தால் நீள்வட்டமாகும். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இது தாராளமாகப் போதும். பின்னர் பிறந்தநாளுக்கொன்று, பண்டிகைக்கொன்று என மேலும் துண்டுகளைச் சேர்க்கக்கூடிய வகையாக வாங்கினால், பொம்மையும் பிள்ளையோடு வளரும். உதிரித் துண்டு அதே கடையிலே கிடைக்குமா என்று கேட்டறிந்து வாங்குங்கள்.

ஐந்து வயதானதும் பாதை பிரியும் துண்டையும் பாலத்தையும் கொடுக்கலாம். நம் மலைப்பாதையிலே மிகக் கடினமான ஏற்றம் 44 அடி தூரத்துக்கு ஓர் அடி. மிக நெருங்கிய வளைவின் ஆரம் 330 அடி. அதற்கே பெரிய எஞ்சின்கள் மூச்சு வாங்குகின்றன. பொம்மைப் பாலங்களோ இதனிலும் பன்மடங்கு செங்குத்தானவை. அவற்றில் ஏறி ஏறி இறங்கும் வண்டிக்குப் பற்றரி விரைவில் தீரும்.

தண்டவாளத் துண்டுகளை வைத்துக்கொண்டு பிள்ளை தடுமாறும்போது பெற்றோர் தெமோதரையின் கதையைக் கூறலாம். அங்கே நிலையத்தைக் கடந்த பாதை பெரிய வளையமாகச் சுற்றித் தாழ்ந்து, அந்நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தின் வழியே செல்கிறது. செங்குத்தான சரிவிலே வழி தெரியாமல் பொறியியலாளர் திகைத்திருந்தபோது, தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு அவ்யோசனை பிறந்தது என்பது செவிவழிக் கதை. அப்பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும், ஒரு துணியை வளைத்துப் பார்ப்பதும் ஒரு பாதையை வளைத்துப் பார்ப்பதும் ஒரே அறிவின் வேலைதான்.

பற்றரிச் செலவு

பொம்மையின் விலையை ஒருமுறை கொடுப்போம். பற்றரியின் விலையைப் பலமுறை கொடுப்போம். ஓர் உத்தேசக் கணக்குப் பார்ப்போம். நல்ல அல்கலைன் பென்டோர்ச் பற்றரி சிறு எஞ்சினை ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓட்டும் என்று கொண்டால், நாளுக்கு அரைமணி வீதம் இருபது நாட்களுக்கு வரும். மலிவான நாகக் காபன் பற்றரி அதில் மூன்றிலொரு பங்கு கூட வராமற் போகலாம். விளக்கும் இசையும் கூடுதலாக இருந்தால் இன்னும் விரைவாகத் தீரும். எனவே ஒரே பற்றரியால் அமைதியாக ஓடும் எளிய வண்டியே சிக்கனமானது. அடிக்கடி ஓடுமாயின், மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய பற்றரி முதலிற் செலவு வைத்தாலும் பின்னர் இலாபந் தரும். மின்னேற்றுவது பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் பற்றரியின் வலு சற்றுக் குறையும். பனியும் ஈரமும் உள்ளிருக்கும் தகடுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். சில நாட்கள் விளையாட்டு இல்லையென்றால் பற்றரியைக் கழற்றிவையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், கையுறையிட்டு, எலுமிச்சஞ்சாறு தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். தீர்ந்த பற்றரியை அடுப்பிற் போடாதீர்கள், அது வெடிக்கும். ஓடையிலும் எறியாதீர்கள்.

கோச்சியை ஓட்டுவது யார்?

இத்தனையும் பார்த்து வாங்கப் பணம் போதாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. வெற்றுத் தீப்பெட்டிகளை நூலாற் கோத்து, இஸ்தோப்பிலே சுண்ணக்கட்டியால் இரு கோடு கிழித்துவிட்டால் அதுவும் கோச்சிதான். திருகாணியில்லாத மூடியுடைய பளபளப்பான வண்டியைவிட அது ஆயிரம் மடங்கு மேலானது. தாயோ தந்தையோ பத்து நிமிடம் பக்கத்திலமர்ந்து, "இந்தக் கோச்சி எங்கே போகிறது?" என்று கேட்டால் போதும், குழந்தை ஒரு பிரயாணத்தையே சொல்லத் தொடங்கிவிடும்.

நம் முன்னோர் காலத்திலே இம்மலைக் கோச்சி எங்கே செல்ல வேண்டும், எதை ஏற்ற வேண்டும், யாரை இறக்க வேண்டும் என்பதையெல்லாம் பிறரே தீர்மானித்தனர். நம் பிள்ளையின் குட்டிக் கோச்சியிலாவது அதைத் தீர்மானிப்பது பிள்ளையாகவே இருக்கட்டும். கடை வாயிலில் நிற்கும்போது வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பாராதீர்கள். பற்றரியின் மூடி பூட்டியிருக்கிறதா, பற்றரி தீர்ந்த பின்னும் பிள்ளையின் கைக்கு அது ஓடுமா என்று பாருங்கள். இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால், தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்ததற்காக எந்தத் தாயும் பின்னர் வருந்தமாட்டாள்.